இரண்டு கோடும் ஒரு மஞ்சள் நாடாவும்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அதிகாரி போன வாரம் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "மேடம், உங்க அனுபவத்துல நாலு விஷயம் எழுதிக் குடுங்க, பசங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். ஊக்கம் தருகிற சரக்கு என்னிடம் அதிகம் இல்லை. இருப்பதைத் தருகிறேன். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு யாரையாவது கேட்கட்டும்.

பிரேசர் டவுனில் கம்பெனி பஸ் ஏறி, நகரத்தை முழுக்கக் குறுக்கே கடந்து, ஹெப்பகோடியில் இருந்த பால் தொழிற்சாலையில் இறங்குவது என் வாழ்க்கையின் பெரும்பகுதியாக இருந்தது. பஸ்ஸில் தூங்கிய நேரத்தைச் சேர்த்தால் ஒரு பட்டப்படிப்பே முடித்திருக்கலாம். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் என் பொறுப்பு. பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதையெல்லாம் இப்போது இயந்திரமே சொல்லிவிடுகிறது. அதற்கு என் புத்திமதி தேவையில்லை. நான் சொல்ல வந்தது மருந்தைப் பற்றி.

மாட்டுக்கு மடிநோய் வருகிறது. டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார். அதற்குப் பிறகு சில நாட்களுக்கு அந்த மாட்டின் பாலில் மருந்து இறங்கும். அந்த நாட்களில் கறந்த பாலை விற்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். ஒரு வீட்டுக்காரர் கொட்ட மனமில்லாமல் ஊற்றினால் போதும், அந்த ஊரின் கேன் கெடும், அந்த கேன் போய்ச் சேர்கிற டேங்கர் முழுவதும் கெடும். டேங்கர் எங்கள் வாசலுக்கு வந்ததும் ஒரு சின்ன ஸ்ட்ரிப்பைப் பாலில் நனைத்துப் பார்ப்போம். சில நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

அந்த ஸ்ட்ரிப் விஷயத்தில் ஒன்றை முதல் நாளே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கோடு தெரிந்தால் பால் சுத்தம். ஒரே கோடு தெரிந்தால் பாலில் மருந்து இருக்கிறது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்தக் கிட்டுக்கு இது நேர் எதிர். அதில் இரண்டு கோடு வந்தால் வீட்டில் அடைப்பார்கள். இதில் இரண்டு கோடு வந்தால் உள்ளே விடுவார்கள். இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றும். பொறுங்கள்.

டேங்கர் நிற்கும் இடத்தை டாக் என்போம். அங்கே நிற்பவருக்கு முதுகுத்தண்டு கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் ஒரு கோடுதான் வந்தது என்று வையுங்கள். டிரைவர் மூக்கு வேர்க்க நிற்பார். கொள்முதல் பிரிவிலிருந்து போன் வரும். தொழிற்சாலைத் தலைவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, மிக இனிமையாக, "இன்னொரு ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்க மேடம்" என்பார். அதிலும் ஒன்று வந்தால், "வேற டப்பால இருந்து எடுத்துப் போட்டுப் பாருங்க" என்பார்.

எனக்கு முதன்முதலில் வேலை கற்றுக்கொடுத்த மேலதிகாரி இதற்கு ஒரு அளவு வைத்திருந்தார். எப்போதும் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பார், எரிந்து விழாத நாளே கிடையாது. "சந்தேகம் வந்தா இன்னொரு தடவ பாரும்மா. ஆசை வந்தா பாக்காத" என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, நனைக்கிற கைக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைக் கடைசியில் ஸ்டோருக்கு மாற்றி, அட்டைப் பெட்டி எண்ண வைத்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இன்னொன்று. நாம் திருப்பி அனுப்புகிற டேங்கர் எங்கே போகிறது என்று நான் ஆரம்பத்தில் யோசித்ததே இல்லை. எங்கேயோ மண்ணில் கொட்டுவார்கள் என்ற எண்ணம். ஒரு நாள் டாக்கில் நின்று கவனித்தேன். டிரைவர் யாருக்கோ போன் போட்டுச் சிரித்துப் பேசினார். வண்டி கேட்டைத் தாண்டியதும் வந்த திசையில் திரும்பவில்லை, நகரத்துக்குள் போகிற பக்கம் திரும்பியது. ஸ்ட்ரிப் இல்லாத ஒரு வாசல் எங்கேயோ திறந்திருந்தது. அன்று முதல் கடையில் பால் இனிப்பு வாங்குவதை நிறுத்தினேன். ஊர் நன்மைக்காக என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டேங்கர்கள் அடிக்கடி திரும்பிப் போகத் தொடங்கியதும் மேலிடத்துக்கு ஒரு திட்டம் உதித்தது. டேங்கரில் பிடிப்பதற்குப் பதில் ஊரிலேயே பிடிப்போம் என்றார்கள். திட்டம் நல்ல திட்டம்தான், நான்கூடக் கைதட்டினேன். ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் நாடா கட்ட வேண்டும். நாடாவைக் கம்பெனி இலவசமாகக் கொடுக்கும். நாடா கட்டிய மாட்டின் பாலைச் சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுவரக் கூடாது. டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்ததும் அந்தப் பாலை மையத்தில் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்து, சுத்தம் என்றால் மையத்தின் செயலாளர் நாடாவை வெட்டிவிடுவார். மறுபடி பால் ஊற்றலாம்.

ஊர் ஊராகப் போய் ஸ்ட்ரிப்பைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று தலைவரிடம் கேட்டேன்.

"எதுக்கு மேடம்? வீடியோ அனுப்பிட்டோம். டப்பாலயே படம் போட்டிருக்கு. நீங்க ஊர் சுத்தப் போனா டாக்கை யார் பாக்கறது?"

வீடியோ, ஸ்ட்ரிப் தயாரித்தவர்கள் எடுத்தது. அதில் ஒரு பெண் அழகான இந்தியில் பேசுவாள். டப்பாவில் இருந்த படம் கட்டைவிரல் நகம் அளவு, எழுத்து ஆங்கிலம். ஆனேக்கல் சுற்றுவட்டாரத்தில் கன்னடம் பேசுவார்கள், தெலுங்கு பேசுவார்கள், நம் தமிழும் பேசுவார்கள். இந்தி வீடியோவை எத்தனை பேர் முழுதாகப் பார்த்திருப்பார்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இதைச் சொன்னேன். "நீங்க எல்லாத்துலயும் குத்தம் பாக்கறீங்க" என்ற பெயர் கிடைத்தது.

ஆனேக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் முனிரத்னம்மா என்று ஒருவர் இருந்தார். வயது ஐம்பதுக்குப் பக்கம். வீட்டுக்காரர் எலக்ட்ரானிக் சிட்டியில் செக்யூரிட்டி. வீட்டில் இரண்டு மாடு, அவை முழுக்க முழுக்க முனிரத்னம்மாவின் பொறுப்பு. அதில் நன்றாகக் கறக்கிற மாட்டுக்கு மடிநோய் வந்தது. டாக்டர் ஊசி போட்டார். முனிரத்னம்மா, கம்பெனி சொன்னபடியே, மாட்டின் காலில் மஞ்சள் நாடா கட்டினார். அந்த ஊரில் நாடா கட்டியவர் அவர் ஒருவர்தான். சுற்றுப்பட்டு ஊர்களில் அதுவும் இல்லை. அங்கெல்லாம் எந்த மாட்டுக்கும் நோயே வராது போலிருக்கிறது. நாடா யாரும் கட்டாததால் ஸ்ட்ரிப் டப்பாக்களும் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருந்தன.

அந்தச் சமயத்தில் டேங்கர் ஒன்று எங்கள் டாக்கில் மாட்டியது. எந்த ஊர் கேன் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்ததில் முனிரத்னம்மாவின் ஊர் என்று தெரிந்தது. இங்கே என் வேலை முடிந்தது. கொள்முதல் பிரிவின் வேலை தொடங்கியது. யார் வீடு என்று கண்டுபிடிக்கும்வரை ஊர் முழுவதும் பால் ஊற்ற முடியாது என்று நிறுத்திவிட்டு, சூப்பர்வைசரை அனுப்பினார்கள். வீட்டுக்கு வீடு சோதித்துப் பார்த்தார்களா என்றால் இல்லை. சூப்பர்வைசர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு மாட்டுக் காலில் மஞ்சள் நாடா இருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

காலைப் பால் வேளையில், ஊரே கேனும் தூக்குமாக நிற்கும்போது, மையத்தின் படியில் ஏறி நின்று அவர் சொன்னாராம். "இந்த முனிரத்னம்மா ஒருத்தரால ஊரே பால் ஊத்த முடியாம நிக்குது. மருந்து மாட்டுப் பாலைக் கலந்துட்டாங்க. இனி இவங்க வீட்டுப் பால் வேண்டாம்." இரண்டாவது மாட்டின் பாலும் வேண்டாமாம். அந்த மாட்டுக்கு ஊசியும் கிடையாது, நாடாவும் கிடையாது.

எனக்கு இது அப்போது தெரியாது. 'ஊர் கண்டறியப்பட்டது, நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யார், எப்படி என்று நான் கேட்டதற்கு, "டேப் கட்டின வீடு மேடம், கிளியர் கேஸ்" என்றார்கள். கட்டியவர் கலப்பாரா என்று கேட்டேன். கலக்க நினைப்பவர் எதற்காக ஊருக்கே தெரிகிற மாதிரி நாடா கட்டப்போகிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

முனிரத்னம்மா பால் ஊற்றுவதை நிறுத்திய பிறகும் அந்த ஊர் கேன் மாட்டியது. ஒரு முறை அல்ல. அப்போதாவது அவர் குற்றமற்றவர் என்று ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பக்கத்து வீட்டுக் கேனில் கலந்து ஊற்றுகிறார் என்று கதை கட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பயந்துபோய், வேலிக்கு இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்தபிறகு, எதிரான சாட்சியும் அவருக்கு எதிராகத்தான் போகும். இதை நான் அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் மதியம் வாட்ச்மேன் போன் செய்தார். "மேடம், கேட்டுக்கிட்ட ஒரு அம்மா வந்து குந்தினு இருக்காங்க. டெஸ்ட் பண்றவங்களைப் பாக்கணுமாம். ஸ்வல்ப வந்துட்டுப் போங்க, எழுந்து போக மாட்டேங்கறாங்க."

போனேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்தில் ஒரு சின்னத் தூக்கு. தன் பெயரையும் ஊரையும் சொன்னார். சொல்லிவிட்டு, நான் அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்கிறேனா என்று பார்த்தார்.

"நீங்கதானே மேடம் டெஸ்ட் பண்றவங்க? இத பாருங்க" என்று கவரைப் பிரித்தார்.

உள்ளே இரண்டு ஸ்ட்ரிப். காய்ந்து போயிருந்தன. இரண்டிலும் இரண்டிரண்டு கோடு, கண்ணில் குத்துகிற மாதிரி தெளிவாக.

"நாடாவையாவது வெட்டட்டும்னு, டாக்டர் சொன்ன நாளுக்கு மேலயே காத்துனு இருந்து, அப்புறம்தான் சென்டருக்குப் பாலை எடுத்துனு போனேன். செக்ரட்டரி நாகராஜ் இத நனைச்சுப் பாத்துட்டு, மருந்து இன்னும் போகலைன்னு சொல்லிட்டான். ஒரு வாரம் விட்டு மறுபடி போனேன். மறுபடியும் அதேதான். அவன் கீழ போட்டதைப் பொறுக்கினு வந்தேன். எனக்குக் கொரோனா வந்தப்பவும் இதே மாதிரிதான் ரெண்டு கோடு. அதுகூட கொஞ்ச நாள்ல ஒரு கோடாயிடுச்சு. இந்த மாட்டுக்கு மட்டும் ஏன் மேடம் ஆகவே மாட்டேங்குது?"

ஆகவே ஆகாது. அந்த மாடு ஆரோக்கியமாக இருக்கிறவரை, பால் சுத்தமாக இருக்கிறவரை, இரண்டு கோடுதான் வந்துகொண்டிருக்கும். அந்த அம்மா வருஷம் முழுக்கக் காத்திருந்தாலும் நாகராஜ் திருப்பித்தான் அனுப்பியிருப்பான்.

காய்ந்த ஸ்ட்ரிப்பை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். சரியான பாடம். அதனால் அங்கேயே நின்று நாகராஜுக்குப் போன் போட்டேன்.

"நாகராஜ், ஸ்ட்ரிப்ல ரெண்டு கோடு வந்தா என்ன அர்த்தம்?"

"பாசிட்டிவ் மேடம்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும் மேடம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. கொரோனால பாத்தோமே."

அவன் குரலில் துளியும் கள்ளமில்லை. படித்துப் படித்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரியை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்ததை வைத்துப் பார்த்தான்.

முனிரத்னம்மா தூக்கில் கொண்டுவந்திருந்தது இரண்டாவது மாட்டின் பால். அதை உள்ளே எடுத்துப்போய் நானே நனைத்துப் பார்த்தேன். இரண்டு கோடு. வெளியே வந்து, "இந்தப் பால் நல்லா இருக்கும்மா. ரெண்டு கோடு வந்தா நல்ல பால்னு அர்த்தம். உங்க இன்னொரு மாடும் நல்லாத்தான் இருந்திருக்கு. அவங்க தப்பா பாத்துட்டாங்க. அந்த மாட்டுப் பாலையும் எடுத்துட்டு வாங்க, எழுத்துல குடுத்துடறேன்" என்றேன்.

"அந்த மாடா?" என்றார். "அது சந்தைக்குப் போயிடுச்சு மேடம். பால் ஊத்த முடியாத மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போடறது? வாங்க வந்தவங்களும் இது மருந்து மாடுதானேன்னு கேட்டுத்தான் வாங்கினாங்க."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் இறக்கினார்.

"மாட்டை நீங்க திருப்பித் தர முடியாது, எனக்குத் தெரியும். அந்த சூப்பர்வைசர் படி மேல ஏறி நின்னு சொன்னாரே மேடம், அதே படில நின்னு இதையும் சொல்லச் சொல்லுங்க. பால் வேளைல. எல்லாரும் இருக்கறப்ப. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இதைவிட நியாயமான கோரிக்கையை என் வேலைக்காலத்தில் நான் கேட்டதில்லை. நேரே தலைவரின் அறைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் எரிச்சலே.

"சரி மேடம், அவங்களைச் சேத்துக்கலாம். நாளைக்கே ஊத்தட்டும். ஆனா அனவுன்ஸ்மென்ட் எல்லாம் பேடா, வேண்டாம். ஒரு ஊர்ல தப்பாப் பாத்தோம்னு நம்ம வாயால சொன்னா, மிச்ச ஊர் எல்லாம் கிளம்பிடும். சைலன்ட்டா முடிச்சுடலாம்."

"சத்தமாச் சொன்னதை சைலன்ட்டா எப்படி சார் முடிக்கறது?"

"நீங்க எமோஷனல் ஆகறீங்க."

ஆமாம், ஆனேன். ஆத்திரம் வர வேண்டிய இடத்தில் ஆத்திரப்படாமல் இருப்பது ஒரு தகுதி என்று உங்களுக்கும் சொல்லித்தருவார்கள். நம்பாதீர்கள். அவர் அறிக்கையில் 'மையத்தில் பயிற்சிக் குறைபாடு, சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் முனிரத்னம்மா என்ற பெயரே இல்லை.

மறுநாள் காலையில் கம்பெனி வண்டி கேட்காமல், டாக்ஸி பிடித்து அந்த ஊருக்குப் போனேன். பால் வேளை. அதே படியில் நின்றேன். கன்னடத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை சொன்னேன். முனிரத்னம்மாவின் பால் சுத்தமாக இருந்தது, நாங்கள் கொடுத்த ஸ்ட்ரிப் இங்கே தலைகீழாகப் படிக்கப்பட்டது, அதைச் சரியாகச் சொல்லித்தராதது கம்பெனியின் தப்பு, அவருடைய தப்பு எதுவும் இல்லை என்று சொன்னேன். நாகராஜ் தலை குனிந்துகொண்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். முனிரத்னம்மா வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவர் கேட்டார். "சரிம்மா, அப்போ மருந்து யார் பால்ல?"

கையோடு ஸ்ட்ரிப் கொண்டுபோயிருந்தேன். வரிசையில் நின்ற ஒவ்வொரு வீட்டுப் பாலையும் அவர்கள் கண் முன்னாலேயே நனைத்தேன். எல்லாவற்றிலும் இரண்டு கோடு. ஊரிலேயே அதிகம் பால் ஊற்றுகிற பண்ணைக்காரரின் கேனில் மட்டும் ஒரே கோடு.

அவர் கேனை மூடி எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார்.

இப்போது நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் இல்லையா? நானும் டாக்ஸியில் திரும்பி வரும்போது அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பண்ணைக்காரரை யாரும் படியில் நிறுத்திப் பேசவில்லை. சூப்பர்வைசர் அவர் வீட்டுக்குப் போனார். காபி குடித்தார். "கொஞ்ச நாளைக்கு அந்த மாட்டுப் பாலை மட்டும் தனியா வெச்சுக்கோங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். மற்ற மாடுகளின் பால் மறுநாளும் வந்தது. அவர் மாட்டுக் காலில் நாடா எதுவும் ஏறவில்லை. அவ்வளவு பால் ஊற்றுகிறவரை வேறு கம்பெனிக்கு விட்டுவிடுவார்களா?

எனக்கும் தண்டனை வந்தது. இத்தனை ஆர்வம் இருக்கிறதே, எல்லா ஊருக்கும் நீங்களே போய்ப் பயிற்சி கொடுங்கள் என்று தலையில் கட்டினார்கள். முதலில் நான் கேட்டபோது மறுத்ததைத் தண்டனையாகக் கொடுத்தார்கள். ஓய்வு பெறும் வயதில் முதுகுவலியோடு ஊர் ஊராகப் போனேன். இரண்டு கோடு நல்லது, ஒரு கோடு கெட்டது என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அதை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மஞ்சள் நாடாவை எடுத்து நீட்டினால் மட்டும் யாரும் கை நீட்டவில்லை. "நாடா கட்டினா என்ன ஆகும்னு முனிரத்னம்மாவைக் கேளுங்க" என்று ஒரு ஊரில் சொன்னார்கள். அந்த ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஏகப்பட்ட தூரம். கதை அவ்வளவு தூரம் போயிருந்தது. நான் படியில் நின்று பேசியது மட்டும் அந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு டேங்கர் மாட்டியது. இப்போது முறையை மாற்றியிருந்தோம். ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் கொஞ்சம் தனி பாட்டிலில் எடுத்து வைப்பார்கள், சந்தேகம் வந்தால் அவை எல்லாம் ஆய்வகத்துக்கு வரும். அதே ஊர். பாட்டில்கள் வந்தன. பண்ணைக்காரர் பாட்டில் இரண்டு கோடு. அவருக்கு இப்போது ஸ்ட்ரிப்பைப் பார்க்கத் தெரியும், வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார் என்று கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முனிரத்னம்மா என்று எழுதிய பாட்டிலில் ஒரே கோடு.

கை தானாகவே இன்னொரு ஸ்ட்ரிப்பை எடுத்தது. பாலில் நனைக்கப் போனவள் நிறுத்தினேன். என் பழைய மேலதிகாரியின் ஏலக்காய் வாசனை அடித்த மாதிரி இருந்தது. முதல் ஸ்ட்ரிப்பில் குறை ஏதும் இல்லை. கோடு வரவேண்டிய இடம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. எனக்கு வந்தது சந்தேகம் இல்லை. ஸ்ட்ரிப்பை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

சூப்பர்வைசரை அனுப்ப வேண்டாம், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அந்த ஊருக்குப் போனேன். முனிரத்னம்மா வீட்டில் மிஞ்சிய அந்த ஒரு மாட்டைக் கறந்து முடித்துக் கேனைக் கழுத்துவரை நிரப்பி வைத்திருந்தார். மாட்டின் காலைப் பார்த்தேன். காலில் ஒன்றும் இல்லை. கொல்லைப்புறத்தில் அவரைக்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தார். மூங்கில் குச்சிகளை இறுக்கிக் கட்டியிருந்தது கம்பெனி கொடுத்த மஞ்சள் நாடா. நல்ல உறுதியான நாடா, வெயிலுக்கு நிறம்கூட மங்கவில்லை.

"மாட்டுக்கு மருந்து போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன்."

மறைக்கவில்லை, தயங்கவும் இல்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"இந்த வாட்டி சரியாப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

"ஒரு கோடா?"

"ஒரு கோடுதாம்மா."

"அப்போ சரி."

கேனைத் தூக்கிப்போய் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வாய்க்காலில் கவிழ்த்தார். பால் முழுவதும் போகிறவரை கேனைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல், கேனைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"போன வாட்டி நாடா கட்டினேன் இல்ல, மேடம்?"

விதிப்படி அவர் பாலை நிறுத்திவைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது அத்தனையும் உண்மை. அந்தக் கையெழுத்தைப் போட்டபோது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் என்னைவிட அதிகம் படித்தவர்கள், உங்கள் ஸ்ட்ரிப் எங்களுடையதைவிட வேகமானது. முனிரத்னம்மா கேட்ட அந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். அவர் அந்த ஊரில்தான் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பால் வேளையில், எல்லோரும் இருக்கும்போது.